இன்று கணவாய் தாராளம்

திருகோணமலையில் சமாதானம் பேருக்கு மட்டும் மிஞ்சியிருந்த காலத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. உள்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒரு தெருவில், மாடியோடு இருந்த சாப்பாட்டுக்கடை. அதன் இணையப் பக்கத்தில் இருந்த எழுத்தைத் திருத்தித் தரவேண்டும். அதற்கு முன் நான் ஒரு தனியார் நிலையத்தில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேர வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் பயந்தார்கள். பிறகு காலை வகுப்புக்கும் பயந்தார்கள். நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். என் கணவர் சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தார். வழியில் சோதனைக்காக அவரை எங்கே இறக்குகிறார்கள், எப்போது ஏற்றுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு வீட்டில் இருப்பதைவிட எந்த வேலையும் நல்லது என்று எனக்குப் பட்டது.

கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அண்ணன், அக்காவுக்கு அவர்கள் சொல்வதுபோல, நான் அவரை நானா என்றும், குசினியில் சமையலைப் பார்த்துக்கொண்ட அவருடைய மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன். சண்டை ஓய்ந்திருந்த வருடங்களில் நிலாவெளிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நகரத்துக்கும் வந்து, மாடியில் இருந்து நண்டும் இறாலும் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நாட்களில் நானாவின் தங்கை மகன் கொழும்பில் இருந்து இந்த இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்திருந்தான். ஆங்கிலத்தில் எல்லாமே உலகப் புகழ் பெற்றதாக இருந்தது. இறால் உலகப் புகழ் பெற்றது, பரோட்டா உலகப் புகழ் பெற்றது, கை கழுவும் இடம்கூட உலகத் தரம். தமிழ்ப் பக்கத்தில் "விரைவில்" என்ற ஒரே சொல் வருடக்கணக்காகக் கிடந்தது.

"புள்ள, ஆக்கள் வாறது கொறஞ்சிட்டு. எழுத்துச் சரியில்லப் போல இரிக்கு" என்றார் நானா.

கடை வாசலில் இருந்து பார்த்தால் தெருமுனையில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் தெரிந்தது. ஆட்கள் வராததற்கு எழுத்து காரணமில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் எழுத்து ஒன்றைத்தான் அவரால் திருத்த முடியும். நான் ஓம் என்றேன்.

முதல் நாளே ஒரு வசனத்தில் வந்து நின்றோம். "எங்கள் மாடியில் இருந்து துறைமுகம் முழுவதையும், வந்துபோகும் கப்பல்களையும் கண்குளிரக் காணலாம்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்தில் மாடியில் இருந்து எடுத்த ஒரு படம். அதில் கடற்படைக் கப்பல் ஒன்றின் பின்பக்கம் துலக்கமாகத் தெரிந்தது.

"நானா, இதை எடுப்பம்."

"அதுதானே புள்ள கடையின்ட பேரே. காத்தும் கடலும் இல்லாட்டி என்ட கடையில என்ன இரிக்கு?"

"காத்து இருக்கட்டும். கப்பல எடுப்பம்."

அவர் எழும்பிப்போய் மாடியில் கடல் பக்கம் இருந்த யன்னல்களின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு வந்தார். அந்த வசனம் "மாடியில் நல்ல காற்று வரும்" என்று சுருங்கியது. படத்துக்குப் பதிலாக ஒரு கோப்பை நண்டுக் கறியைப் படம் பிடித்துப் போட்டோம்.

அதற்குப் பிறகு எந்த வசனத்தையும் நான் வசனமாக மட்டும் படிக்கவில்லை. "பேருந்து நிலையத்தில் இருந்து நடந்து வரலாம்" என்று வழி எழுதினால், எந்தக் காவலரணைத் தாண்டி என்று எழுதியதாக ஆகுமா? "இரவு பத்து மணி வரை" என்று இருந்ததை, ஊரடங்கு வரும் போகும் என்பதால், "மாலையில் தொலைபேசியில் கேட்டு வரவும்" என்று மாற்றினேன். கேட்டால் நானா, "இண்டைக்கு வராதீங்க" என்பார்.

தமிழ்ப் பக்கத்தில் "இன்றைய சாப்பாடு" என்று ஒரு பகுதியைப் போடலாம் என்ற யோசனை என்னுடையது. நாளாந்தம் மாறும் எழுத்து இருந்தால்தான் கடை உயிரோடு இருப்பது தெரியும் என்று நானாவுக்கு விளங்கப்படுத்தினேன். காலையில் போனதும் குசினி வாசலில் நிற்பேன். ராத்தா அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொல்லுவார். நான் காசு மேசைக்குப் பக்கத்தில் இருந்த கணினியில் தட்டுவேன். இணையமும் ரெலிபோனும் ஒரே கம்பி. இணைப்பில் இருக்கும்போது வெளியில் இருந்து அழைப்பு வராது. அதனால் அவசரமாக எழுதி, அவசரமாகத் துண்டித்துவிடுவேன்.

"இன்று விளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சாப்பிட்டு முடிய கிண்ணியாத் தயிரும் பனம் பாணியும்." இப்படித்தான் எழுதினேன். ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினால், "பால்கறிக்கு வெந்தயம் போட்டதையும் எழுது" என்பார். அதையும் எழுதினேன். அந்தக் கொஞ்ச நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன.

அதைப் படித்துச் சாப்பிட வந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின, எல்லாம் வெளிநாட்டில் இருந்து. ஒருவர் பால்கறியைப் பற்றி எழுதினார். ஒருவர் கடை இருக்கும் தெருவில் தன் பழைய வீட்டுக் கூரை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கு நான் பதில் எழுதவில்லை. பிறகு ஒரு பெண் எழுதினார். குளிர் நாடொன்றில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். தாய் வெருகல் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். கிராமத்தில் இருந்த ஒரே ரெலிபோன் இப்போது எடுபடுவதில்லை.

"மூன்று நாளாக உங்கள் சாப்பாட்டில் தயிர் இல்லை" என்று எழுதியிருந்தார். "கிண்ணியாவுக்குப் பாதை ஓடவில்லையா? பாதை ஓடினால் மூதூர் பஸ் ஓடும். பஸ் ஓடினால் அம்மாவைப் போய்ப் பார்க்க ஒருவரை அனுப்பலாம் என்று இங்கே இருந்து கணக்குப் போடுகிறேன். கோபிக்க வேண்டாம்."

கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. களப்பைக் கடக்கச் சனங்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அக்கரையில் ஷெல் விழத் தொடங்கினால் பாதை நின்றுவிடும். பாதை நின்றால் தயிர்ச் சட்டி வராது. ஒரு கடையின் சாப்பாட்டை இப்படியும் ஒருவர் படிக்கிறார். இவர் இப்படிப் படித்தால் வேறு யார் யார் படிக்கிறார்கள்?

பதில் அனுப்பப் பயமாக இருந்தது. மின்னஞ்சலை யாரும் திறந்து பார்க்கலாம் என்று ஊரில் ஒரு கதை உலவியது. ஆனால் அந்தப் பெண்ணைக் காக்க வைக்கவும் மனம் வரவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டுப் பக்கத்தில் ஒரு வரியைக் கூட்டினேன்: "பாதை ஓடினால் நாளை தயிர் வரும்." பிறகு ஒரு நாள், மீனவர்களைக் கடலுக்குப் போக விட்டிருந்தார்கள். ராத்தாவின் குசினி நிறையக் கடல் உணவு. "பாதை ஓடுகிறது. தயிர் உண்டு. இன்று கணவாய் தாராளம்" என்று எழுதினேன். மறுபடியும் கடலைப் பூட்டினார்கள். "இன்று கணவாய் இல்லை. பாதையும் இல்லை." பொய் ஒன்றும் எழுதவில்லை. கடையின் சாப்பாட்டைத்தான் எழுதினேன்.

கணவர் ஒரு பின்னேரம் கேட்டார்: "இதெல்லாம் ஏன் எழுதுறீர்? பருப்பும் சோறும் எண்டு எழுதிப்போட்டு வாருமன்."

"ஒவ்வொரு நாளும் பருப்பெண்டு எழுதினால் கடைக்கு ஆர் வருவினம்?"

"இப்ப ஆர் வருகினம்?" என்றார்.

ஒரு காலை நான் போனபோது கடையின் முன்கதவு பாதி திறந்திருந்தது. காசு மேசையில் நானா இல்லை. குசினியில் ராத்தா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடப் பொடியாக.

"விடிய ரெண்டு பேர் வந்தாங்க. விசாரிக்கணுமாம். நம்மட பக்கத்த கடதாசியில அடிச்சு வச்சிருந்தாங்க. அந்தக் கடதாசியோட கூட்டிப் போயிட்டாங்க."

"எந்த இடத்துக்கு, ராத்தா?"

அவர் ஒரு முகாமைச் சொன்னார். கத்தி நிற்கவில்லை. "ஒண்ணுமில்ல, கேட்டுட்டு உட்டுருவம் எண்டாங்க. மரியாதயாத்தான் பேசினாங்க."

அந்த நாட்களில் மரியாதையாகக் கூட்டிப்போனார்கள் என்ற வசனத்தைக் கேட்டு யாரும் ஆறுதல் அடைந்ததில்லை. எழுதியது நான். கடதாசியில் இருப்பது என் வசனங்கள்.

நான் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். முந்திய நாள் எழுத்தை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழித்தால், பயந்து அழித்ததாக ஆகும். விட்டால், இன்னும் கிடக்கிறதே என்று ஆகும். இன்றைக்குப் புதிதாக ஒன்றும் எழுதாவிட்டால், தூரத்தில் இருந்து படிக்கிற அந்தப் பெண் என்ன நினைப்பார்? கை விசைப்பலகைக்குப் போனதும் ராத்தா வாசலில் நின்று சொன்னார்:

"கொம்பியூட்டர்ல தொடாத, புள்ள. அவர் போன் எடுத்தா லைன் வேணும்."

சரிதான். நான் கையை எடுத்துக்கொண்டேன். ரெலிபோனைப் பார்த்தபடி நாங்கள் இருந்தோம். ராத்தா இடையிடையே எழும்பிப்போய்ச் சோற்றைக் கிளறிவிட்டு வந்தார். சாப்பிட வந்த துறைமுகத் தொழிலாளர்கள் இருவருக்கும் நானே பரிமாறினேன். முதலாளி எங்கே என்று கேட்டார்கள். வெளியில் போயிருக்கிறார் என்றேன்.

மத்தியானம் திரும்பிய பிறகு ரெலிபோன் அடித்தது. ராத்தா எடுத்தார். ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

நானாவின் குரல் களைத்திருந்தது. "புள்ள, கோவிக்காதீங்க. நாந்தான் எழுதினன் எண்டுதான் செல்லிப் பாத்தன். எழுதின ஆளத்தான் காணோணுமாம். கணவாயெண்டா என்னெண்டு கேக்கிறாங்க."

"கணவாயோ?"

"ஓம். அதுதான் பிரச்சினை."

எனக்கு உடனே விளங்கவில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அந்தப் புத்தகத்தில் கணவாய் என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவில் ஆட்கள் கடந்துபோகும் வழி. எங்கள் ஊர்ச் சந்தையில் அது கடலில் பிடிக்கிற, கறுத்த மை கக்குகிற, நாங்கள் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுகிற ஒன்று. ஊர்ப் பேச்சுத் தெரியாத ஒருவர் எங்கேயோ ஒரு மேசையில் அகராதியை வைத்துக்கொண்டு என் வசனங்களை மொழிபெயர்த்திருக்கிறார். பாதை ஓடுகிறது. கணவாய் தாராளம். பாதை இல்லை. கணவாய் இல்லை. அகராதியை வைத்து நானே படித்தாலும் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

"ராத்தா, கணவாய்க் கருவாடு இருக்கா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அலுமாரியின் மேல்தட்டில் இருந்த தகரத்தை இறக்கி, உள்ளதில் நல்லதாகத் தெரிந்த இரண்டை எடுத்துப் பேப்பரில் சுற்றினார். அடுப்பை அணைத்தார். முகம் கழுவினார். தலையை மூடிக்கொண்டு, "நானும் வாறன்" என்றார்.

நடந்துதான் போனோம். கணவருக்குச் சொல்லியனுப்பவில்லை. சொன்னால் அவர் வேலையை விட்டு ஓடிவருவார். வரும் வழியில் அவரையும் மறித்தால் என்ன செய்வது? வெயில் சுட்டது. வழியெல்லாம் ஒவ்வொரு வசனமாக மனதில் திருப்பிப் பார்த்தேன். கணவாயைப் பற்றி எனக்குப் பயம் குறைந்துகொண்டு வந்தது. அது தெளிவான விஷயம். பயம் தயிரில் இருந்தது. தயிர் வரி ஒரு பெண்ணுக்காக எழுதியது. அவர்கள் சந்தேகப்பட்டதில் ஒரு பங்கு உண்மை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்தி அனுப்பித்தான் இருந்தேன்.

வாசலில் நின்ற சிப்பாய் பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்து பார்த்து, "தெல்லோ" என்றார். கணவாய்க்குச் சிங்களத்தில் அதுதான் பேர். ராத்தா என் கையை அழுத்தினார். ஆனாலும் சிப்பாய் பொட்டலத்தைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு, என்னை மட்டும் உள்ளே போகச் சொன்னார். ராத்தா வேலிக்கு வெளியே நின்றார்.

உள்ளே ஒரு சின்ன அறை. நானா அங்கே இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு என் வயது இருக்கும். கதிரையைக் காட்டினார். மெதுவாக, சரியான தமிழில் கேட்டார்:

"நீங்கள்தான் எழுதுறதா?"

"ஓம் சேர். நான்தான் எழுதினனான்."

ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். சொல்லின் கீழே சிவப்புக் கோடு. "இது என்ன?"

"கடல்ல பிடிக்கிறது. தெல்லோ."

"அந்த ஆளும் அப்படித்தான் சொன்னார். ஆனால் இங்கே மொழிபெயர்ப்பில் வழி என்று எழுதியிருக்கு."

"அது புத்தகத் தமிழ் சேர். எங்கட பக்கத்தில இதைத்தான் கணவாய் எண்டுறது. வாசல்ல ஒரு பொட்டலம் கொண்டுவந்தனான். அதுக்குள்ள இருக்கு."

அவர் ஒருவரை அனுப்பிப் பொட்டலத்தை எடுப்பித்தார். கருவாடு மேசைக்கு வந்தது. அறை முழுக்க அதன் மணம். அவர் அதையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததுபோல இருந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"பாதை?"

சொன்னேன். மிதவை, தயிர், சட்டி எல்லாம்.

"வெளிநாட்டில் இருந்து உங்களுக்கு ஆட்கள் எழுதுகிறார்களா?"

இதற்காகத்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். இல்லை என்று சொல்லலாம். ஆனால் கணினி கடையில்தான் இருக்கிறது, போய்த் திறந்து பார்த்தால் நானாவுக்குத்தான் கேடு. "ஓம் சேர்" என்றேன். "சாப்பாட்டைப் பற்றிக் கேப்பினம். ஒரு பொம்பிளை தாயைத் தேடுறா. தயிர் வந்தால் பாதை ஓடுது எண்டு அவவுக்கு விளங்கும். அதுக்காக எழுதினனான்."

"எந்த ஊர், அந்தத் தாய்?"

சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் அந்தக் கிராமத்தின் பேரைத் தாளின் ஓரத்தில் எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"சாப்பாட்டை எழுதுங்கள். யார் படித்தாலும் விளங்குகிற மாதிரி எழுதுங்கள். பாதையை எழுத வேண்டாம், கடலை எழுத வேண்டாம்" என்றார்.

பொழுது சாயும் முன்னரே நானாவை விட்டார்கள். மூவரும் நடந்து திரும்பினோம். கடைக்குப் போய் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்த பிறகு நானா, "அடிக்கல்ல" என்று ராத்தாவிடம் சொன்னார். "கதிரையிலதான் இருத்தி வச்சிருந்தாங்க." ராத்தா குசினிக்குள் போனார். அங்கே இருந்து அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

வேலையை விடச் சொன்னார் கணவர். நானும் விட நினைத்தேன். ஆனால் அந்தக் கடதாசிக்குப் பிறகு எழுத்து திடீரென்று நின்றுபோனால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுப்பார்கள் என்று நானா பயந்தார். அதனால் எழுதினேன். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு மீனையும் அகராதியில் தேடினேன். பாரை என்றால் மண் தோண்டும் அலவாங்கு என்று இருந்தது. கீரி என்றால் பாம்பைக் கொல்லும் விலங்கு. வாளை என்று எழுதினால் யாராவது வாள் என்று படிப்பார்களா என்று நினைத்து அழித்தேன். சூரையை எழுதப்போய், ஒரு எழுத்து மாறினால் சூறை, கொள்ளை என்று ஆகிவிடுமே என்று அதையும் விட்டேன். ராத்தா குசினியில் இருந்து பாரைக் குழம்பு என்பார், நான் மீன் குழம்பு என்று தட்டுவேன். "எல்லாத்தையும் மீனெண்டு எழுதினா நான் என்னத்துக்கு விதம்விதமாச் சமைக்கிற?" என்று ஒரு நாள் கேட்டார். சமையலைப் பற்றி யாருமே குறை சொல்லாத ஒரு கடையில், எழுத்துத்தான் நாளுக்கு நாள் சப்பென்று போனது.

அதைவிட என்னை அரித்தது அந்தத் தாள் ஓரத்துப் பேர். ஒரு கிழவியின் கிராமத்தை நான் சொல்லியிருந்தேன். அது அங்கே கிடந்து என்ன செய்யும்? அக்கரையில் ஷெல் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கமா, வேறு பக்கமா என்று காது கொடுத்தேன். என் ஒரு சொல்லுக்காக யாரும் ஒரு ஊருக்கு ஷெல் அடிக்கப் போவதில்லை என்று கணவர் சொன்னார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் நித்திரை வரவில்லை. அந்தப் பெண்ணிடம் இருந்தும் மின்னஞ்சல் நின்றுபோயிருந்தது. நானும் எழுதவில்லை. தயிர் பாதையோடு வந்தது, போனது. இணையப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒரு காலை அவருடைய மின்னஞ்சல் வந்திருந்தது. நீளமாக இல்லை. கிராமத்துச் சனம் முழுக்கத் தெற்கே இறங்கிப் போய்விட்டதாம். ஆற்றைக் கடந்து, காட்டு வழியாக நடந்து, இப்போது மட்டக்களப்புப் பக்கம் அகதிகளை இருத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் தாய் இருக்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருடைய கைத்தொலைபேசியில் இருந்து பேசினாராம். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். "நீங்கள் பாதையைப் பற்றி எழுதுவதை நிறுத்தியபோதே விளங்கிக்கொண்டேன், அதனால்தான் நானும் எழுதவில்லை. உங்களுக்குக் கரைச்சல் வந்திருக்கும். மன்னிக்க வேண்டும்" என்று முடித்திருந்தார்.

நான் அதை இரண்டு தரம் படித்தேன். இணைப்பைத் துண்டித்துவிட்டுக் குசினிக்குப் போனேன். ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்தி, மடியில் விழுந்திருந்த தேங்காய்ப் பூவைத் தட்டிவிட்டார்.

"அந்தத் தாய்க்கு என்ன வயசாம்?"

"அது எழுதேல்ல, ராத்தா."

"கால் வீக்கமெண்டா உப்புக் கொறச்சுத் தின்னணும். அங்க பருப்பும் கருவாடும்தானே குடுப்பாங்க" என்றார். "கேட்டு எழுது, புள்ள. இது சாப்பாட்டுக் கததானே."

அன்றைக்கு எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன், ராத்தா சொன்ன உப்புக் கதையை மட்டும்.